கடிகாரம் நின்ற வீடு

கார்லோஸ் ரெய்காதாஸ் என்ற மெக்சிகோ இயக்குநர் 2007ஆம் ஆண்டில் தந்த ‘ஸ்டெலெட் லிஹ்ட்’ படம் தொடங்கும்போது, தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகிவிட்டதோ என்ற ஐயம் பார்ப்பவருக்கு வரலாம். திரை முழுக்க இருட்டு. பூச்சிகளின் ரீங்காரம் மட்டும் கேட்கிறது. உற்றுப் பார்த்தால் அந்த இருட்டுக்குள் விண்மீன்கள் இருப்பது தெரியும். கேமரா மெல்ல, மிக மெல்ல நகர்கிறது. எங்கோ ஒரு மாடு கத்துகிறது, சேவல் கூவுகிறது. அடிவானத்தில் ஒரு கீற்று சிவக்கிறது. மரங்களுக்கு உருவம் வருகிறது. வயல் தெரிகிறது. பொழுது புலர்ந்துவிட்டது. இவ்வளவுதான் முதல் காட்சி. ஏறக்குறைய 5, 6 நிமிடங்கள் ஓடுகிறது. மனிதர் எவரும் வரவில்லை, பின்னணி இசை இல்லை, ஒரு சொல்கூட இல்லை.

ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் இதற்குள் இரண்டு முறையாவது வேறு அலைவரிசைக்குப் போய்த் திரும்பியிருப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. படம் மெதுவாகத்தான் போகிறது. ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரமும் அதே நடைதான். ‘மௌன ஒளி’ என்று பெயரைத் தமிழாக்கலாம். பெயரில் உள்ள மௌனம் படத்திலும் இருக்கிறது. காட்சிகள் ஓவியம்போல் இருக்கின்றன, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது என்பதுதான் படத்தைப் பார்த்தவர்கள் பலரின் முறையீடு. முறையீடு நியாயமானது. ஆனால் ஒரு கேள்வியை அது விட்டுவிடுகிறது. துக்கம் நடக்கும் வேகம் என்ன?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யோகான் ஒரு விவசாயி. மனைவி எஸ்தர், பிள்ளைகள், மாடுகள், நிலம் என்று குறையில்லாத குடும்பம். அவனுக்கு மரியானே என்ற இன்னொரு பெண்மீது காதல் உண்டாகிறது. அதை அவன் மறைக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே மனைவியிடம் சொல்லி வருகிறான். விட நினைக்கிறான், முடியவில்லை. மனைவி அந்த வேதனையிலேயே இறந்துபோகிறாள். இது ஒரு வரிக் கதை. வேறோர் இயக்குநரின் கையில் கிடைத்திருந்தால் கன்னத்தில் அறை, கதவைச் சாத்தும் ஓசை, ஊர்ப் பஞ்சாயத்து என்று எத்தனையோ வந்திருக்கும். இங்கே அவை எதுவும் இல்லை. இல்லாமல் இருப்பதற்கு அந்த மக்களின் வாழ்க்கை முறையும் ஒரு காரணம்.

படம் நடப்பது வடமெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் மெனோனைட் மக்கள் வாழும் பகுதியில். மெனோனைட் என்பது ஒரு கிறிஸ்துவப் பிரிவு. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுச் சமயத் தலைவரின் பெயரால் அமைந்தது. ஆயுதம் ஏந்தக் கூடாது, அறிவு தெரிந்த வயதில்தான் திருமுழுக்குப் பெற வேண்டும் என்பவை இவர்களின் முக்கியக் கொள்கைகள். இந்தக் கொள்கைகளுக்காகவே இவர்கள் தலைமுறை தலைமுறையாக இடம்பெயர்ந்தவர்கள். நெதர்லாந்திலிருந்து பிரஷ்யா, அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த இன்றைய உக்ரேன் பகுதி, அங்கிருந்து 1870களில் கனடா. முதல் உலகப் போர்க் காலத்தில் கனடாவின் மனிதோபா, சஸ்காச்சுவான் மாநிலங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது, அவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் மூட்டை கட்டினார்கள். மெக்சிகோ அதிபர் ஆல்வரோ ஓப்ரெகோன் 1921இல் அவர்களுக்கு வாக்குறுதி கொடுத்தார். இராணுவச் சேவை வேண்டியதில்லை, சொந்தப் பள்ளிகளைச் சொந்த மொழியில் நடத்திக்கொள்ளலாம். 1922இல் முதல் இரயில்கள் சிவாவாவுக்கு வந்து சேர்ந்தன. வறண்ட அந்த மேட்டுநிலத்தில் அவர்கள் தானியம் விளைவித்தார்கள், மாடு வளர்த்தார்கள். அவர்கள் செய்யும் பாலாடைக்கட்டி இன்று மெக்சிகோ முழுவதும் அவர்கள் பெயராலேயே விற்கப்படுகிறது.

இத்தனை நாடுகளைக் கடந்து வந்தவர்கள் விடாமல் கொண்டுவந்த ஒன்று மொழி. ப்ளௌட்டீச் எனப்படும் கீழ்ஜெர்மன் வட்டார மொழி அது. படத்தின் உரையாடல் பெரும்பாலும் அந்த மொழியில்தான். அதில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் இதுதான் என்றும் கூறப்படுகிறது. மெக்சிகோவின் தலைநகரில் இந்தப் படத்தைப் பார்த்தவருக்கும் திரைக்கு அடியில் ஓடிய எழுத்துகளே துணை. தமிழ்ப் படங்களுக்கு அடியில் மலாய் எழுத்துகள் ஓடப் பார்த்துப் பழகிய மலேசிய நேயருக்கு இது ஒன்றும் புதிதல்ல. மேலும், இந்தப் படத்தில் படிக்க வேண்டிய எழுத்துகள் மிகக் குறைவு.

நடித்தவர்கள் யாரும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். யோகானாக வரும் கொர்னேலியோ வால் சிவாவா மெனோனைட் சமூகத்தைச் சேர்ந்தவர். எஸ்தராக வரும் மிரியம் டேவ்ஸ் கனடாவின் பெயர்பெற்ற நாவலாசிரியை. மனிதோபா மாநிலத்தில் மெனோனைட் ஊரொன்றில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய நூலின் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் ரெய்காதாஸ் அவரைத் தேடிப் பிடித்தார். டேவ்ஸ் 1998இல் தம் தந்தையை இழந்தவர். அந்த இழப்பை வைத்து 2000ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதியவர். நடிப்பு தெரியாத ஒருவரின் முகத்தில் எஸ்தரின் துயரம் எப்படி அவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்தது என்று வியப்பவர்கள் இதையும் நினைவில் கொள்ளலாம். இந்தப் படப்பிடிப்பு அனுபவம் பிறகு 2011இல் ‘இர்மா வோத்’ என்ற அவருடைய நாவலுக்கு வித்தாயிற்று.

இனி, படத்தின் திறவுகோலாக உள்ள ஒரு காட்சிக்கு வரலாம். சூரியோதயம் முடிந்ததும் கேமரா யோகானின் வீட்டுக்குள் வருகிறது. குடும்பம் காலை உணவுக்கு முன் கண்மூடி மௌனமாக வேண்டிக்கொண்டிருக்கிறது. சுவர்க் கடிகாரத்தின் ஊசல் ஓசை அறையை நிறைக்கிறது. யோகான் வேண்டுதலை முடிக்கிறான். உண்கிறார்கள். பிறகு எஸ்தர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போகிறாள். யோகான் தனியாகிறான். அவன் ஏறி நின்று, கடிகாரத்தின் ஊசலைக் கையால் நிறுத்துகிறான். வந்து உட்காருகிறான். அழத் தொடங்குகிறான். சிறு விசும்பலாகத் தொடங்கியது வாய்விட்ட அழுகையாகிறது. கேமரா அங்கிருந்து அகலவில்லை.

ஏன் கடிகாரத்தை நிறுத்துகிறான்? ஓசை தாங்க முடியவில்லை என்று கொள்ளலாம். ஆனால் ஐரோப்பாவின் பல பகுதிகளில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. வீட்டில் ஒருவர் இறந்தால் அந்த நேரத்திலேயே கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். யோகான் ஊசலைப் பிடித்து நிறுத்தும்போது வீட்டில் யாரும் இறக்கவில்லை. மனைவி சற்று முன்தான் கதவைத் தாண்டி உயிரோடு போயிருக்கிறாள். சாவு வருவதற்கு வெகு முன்பே அந்த வீட்டில் துக்கம் தொடங்கிவிட்டது. அதன் பிறகு படத்தில் நடப்பதெல்லாம் நின்றுபோன கடிகாரத்தின் கீழ் நடப்பவை. படம் மெதுவாக நகர்கிறது என்பவர்கள் இந்தக் கடிகாரத்தைக் கவனிக்கத் தவறியிருக்கலாம்.

பலரும் இந்தப் படத்தை யோகானின் கதையாகவே பார்க்கிறார்கள். இரண்டு பெண்களுக்கு நடுவில் தவிக்கும் ஆண் என்று பேசுகிறார்கள். அவன் அழுவது திரையில் தெரிகிறது. அதனால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் துக்கம் காப்பவள் எஸ்தர். கணவன் இறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஆனால் அவள் அவனை இழந்துவிட்டாள். இப்படிப்பட்ட இழப்புக்கு ஈமச்சடங்கு கிடையாது, கறுப்பு உடை கிடையாது, ஆறுதல் சொல்ல உறவினர் வருவதும் கிடையாது. மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தலை குளிப்பாட்ட வேண்டும்.

அந்தக் குளியல் காட்சி படத்தின் மிக அழகான காட்சிகளில் ஒன்று. குடும்பம் முழுவதும் நீர்த்தொட்டி ஒன்றில் குளிக்கிறது. பிள்ளைகளுக்குச் சோப்புத் தேய்க்கிறார்கள். தண்ணீரில் வெயில் விளையாடுகிறது. குழந்தைகளின் சிரிப்பு. எந்தக் குடும்பப் புகைப்படத் தொகுப்பிலும் முதல் பக்கத்தில் வைக்கத் தக்க காட்சி. அதற்கு நடுவில் எஸ்தர் அழுதுவிடுகிறாள். அழுகைக்குக் காரணம் அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இன்பமான ஒரு நாளின் நடுவேதான் இல்லாமல்போனது நினைவுக்கு வரும் என்பது, ஒருவரை இழந்த யாருக்கும் தெரிந்ததுதான்.

யோகான் தன் தந்தையிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறான். தந்தை சபையின் போதகர். திடீரென்று வெளியே பனி மூடிய நிலம். கண்ணைக் கூசும் வெண்மை. இது சாத்தானின் வேலை என்கிறார் தந்தை. இல்லை, இது கடவுளின் செயல் என்கிறான் மகன். இங்கே பார்ப்பவர் எதிர்பார்ப்பது ஒரு கடுமையான போதனை. ஆனால் அந்த முதியவர், தமக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒன்று நேர்ந்தது என்றும், தாம் விலகி வந்துவிட்டதாகவும் சொல்கிறார். உன் இடத்தில் இருக்க எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் ஒரு வகையில் உன்மீது பொறாமையாக இருக்கிறது என்ற பொருள்படப் பேசுகிறார். மதகுருவின் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வருவது எளிதில் மறக்கக் கூடியதல்ல. குறைந்த பேச்சுள்ள படத்தில் பேசப்படும் பேச்சுக்கு எத்தனை எடை கிடைக்கிறது என்பதற்கும் அது சான்று.

எல்லா மெதுவும் இதே பயனைத் தருகிறதா என்றால் இல்லை. யோகானும் மரியானேவும் சந்திக்கும் ஓர் அறையில், கூரையிலிருந்து ஒற்றை இலை சுழன்று சுழன்று விழுகிறது. அழகுதான். ஆனால் இயக்குநர் தோளைத் தட்டி, ‘பார்த்தீர்களா?’ என்று கேட்பதுபோல் இருக்கிறது. மலைச்சரிவில் நடக்கும் முத்தக் காட்சியில் சூரிய ஒளி லென்ஸில் பட்டு வண்ண வட்டங்களாகச் சிதறுவதும் அப்படித்தான். ஒளிப்பதிவாளர் அலெக்சிஸ் சபேயின் திறமையில் யாருக்கும் ஐயம் இல்லை. இயற்கை ஒளியை அவர் அளவுக்கு நம்பி வேலை செய்தவர்கள் சிலரே. ஆயினும் சில இடங்களில் கேமராவின் அழகு கதாபாத்திரத்தின் வேதனையை முந்திக்கொண்டு ஓடுகிறது. சலிப்பு வருவது அங்கேதான். நீளமான காட்சி என்பதனால் மட்டும் சலிப்பு வருவதில்லை. அந்த நீளத்துக்குள் யாருடைய மனமும் இல்லாதபோதுதான் வருகிறது.

மழைக்காட்சியில் அந்தக் குறை துளியும் இல்லை. யோகான் கார் ஓட்டுகிறான். எஸ்தர் பக்கத்தில். வெளியே கொட்டுகிற மழை. மரியானேவை மறுபடியும் சந்தித்ததாக அவன் சொல்கிறான். எஸ்தர் முன்காலத்தை நினைவுகூர்கிறாள். அவன் வண்டி ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து போன நாள்கள். அவன் அருகில் இருப்பதே உயிரோடிருப்பதாக இருந்தது, உலகத்தின் ஒரு பகுதியாகத் தான் இருந்தாள், இப்போது அதிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டாள் என்கிறாள். படம் முழுவதிலும் அவள் இவ்வளவு நீளமாகப் பேசுவது இங்கேதான். கணவனைத் திட்டவில்லை. மற்றவளை மட்டும் ஒரே ஒரு சொல்லால் வைகிறாள். அந்த ஒரு வசை அவளை மனுஷியாக்குகிறது. இல்லாவிட்டால் பொறுமையின் சிலையாகவே போயிருப்பாள். பிறகு நெஞ்சு வலிக்கிறது, வண்டியை நிறுத்து என்கிறாள். குடையை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் ஓடுகிறாள். கணவன் பார்க்காத இடத்தில், ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு, அத்தனை நாளும் அடக்கி வைத்ததை அழுது தீர்க்கிறாள். அப்படியே சரிந்து விழுகிறாள். யோகான் காரில் காத்திருக்கிறான். காத்திருந்து காத்திருந்து, பிறகுதான் போய்ப் பார்க்கிறான். இதயம் நின்றுவிட்டது.

இதற்கு மேல் சொல்வது முடிவைச் சொல்வதாகும். முடிவை விட்டுவிட்டு இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதால் பார்க்க நினைப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். எஸ்தரின் உடல் வெண்ணிற அறை ஒன்றில் வைக்கப்பட்டிருக்கிறது. கறுப்பு உடையில் உறவினர்கள். பாட்டுப் பாடுகிறார்கள். அங்கே மரியானே வருகிறாள். எஸ்தரைப் பார்க்க வேண்டும் என்கிறாள். யாரும் அவளைத் துரத்தவில்லை. தனியே உள்ளே போகிறாள். குனிந்து எஸ்தரின் உதடுகளில் முத்தமிடுகிறாள். அவளுடைய கண்ணீர்த் துளி ஒன்று எஸ்தரின் முகத்தில் விழுகிறது. எஸ்தர் கண்விழிக்கிறாள்.

டென்மார்க் இயக்குநர் கார்ல் தியடோர் டிரையர் 1955இல் எடுத்து, வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருது பெற்ற ‘ஓர்டெட்’ படத்திலும், இறந்த பெண் பெட்டியிலிருந்து எழுகிறாள். அங்கேயும் கடிகாரம் உண்டு. ரெய்காதாஸ் அந்தப் படத்துக்கு வணக்கம் செலுத்தியிருக்கிறார் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. டிரையரின் படத்தில் சாவு நேர்ந்தபோதுதான் கடிகாரம் நிற்கிறது. உயிர்ப்பிப்பது நம்பிக்கை கொண்ட ஒருவனின் வாக்கு. ரெய்காதாஸின் படத்தில் வாக்கு இல்லை, ஜெபம் இல்லை. தீங்கு செய்தவளாகக் கருதப்பட்டவளின் கண்ணீர்தான் இருக்கிறது.

இந்த முடிவு ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு பெண்ணின் துயரத்தைக் கண்ணிமைக்காமல் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு முத்தத்தால் துடைத்துவிடலாமா? மனைவியையோ கணவனையோ பிள்ளையையோ இழந்த ஒருவர் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வீட்டில் யாரும் கண்விழிக்கப் போவதில்லை. அவருக்கு இந்தக் காட்சி என்ன சொல்லும்? இந்தக் கேள்வி கடுமையானது. அழகான காட்சி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

எஸ்தர் எழுந்ததும் என்ன சொல்கிறாள் என்பதைப் பார்க்க வேண்டும். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாவம் யோகான், என்கிறாள். யோகான் இனி நன்றாக இருப்பான் என்று மரியானே பதில் சொல்கிறாள். எழுந்தவள் பழைய வாழ்க்கைக்குத் திரும்பினாளா, யோகான் திருந்தினானா, மரியானே எங்கே போனாள் என்று படம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த விழிப்பு எதையும் தீர்த்துவைக்கவில்லை. ஒருவரை இழந்தவர் இரவில் காணும் கனவும் இப்படித்தான் இருக்கும். இறந்தவர் சாதாரணமாக வந்து, வீட்டில் உள்ள வேறு யாரையோ விசாரிப்பார். அந்தக் கனவு பொய் என்று விடிந்ததும் தெரியும். தெரிந்தும், அது வந்ததற்காக வருந்துபவர் எவரும் இல்லை. துக்கம் எதை விரும்புகிறதோ அதை ஒரு முறை திரையில் காட்டியிருக்கிறார் இயக்குநர். அது நடக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த அளவில் இந்த முடிவு நேர்மையானதே. இதை ஏற்க மறுப்பவரின் மறுப்பிலும் நியாயம் இருக்கிறது, குறிப்பாக அவருடைய இழப்பு அண்மையில் நேர்ந்ததாக இருந்தால்.

கான் திரைப்பட விழாவில் 2007இல் இந்தப் படம் நடுவர் குழுவின் பரிசை ‘பெர்செபொலிஸ்’ படத்தோடு பகிர்ந்துகொண்டது. ஆஸ்கார் வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு மெக்சிகோ இதை அனுப்பியது. இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. சட்டம் படித்த ரெய்காதாஸ் 2002இல் ‘ஹப்போன்’ என்ற முதல் படத்தோடு திரைக்கு வந்தவர். 2012இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதும் பெற்றார். இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, விருதுப் படம் என்பதற்காகப் பார்க்க உட்காருபவர் பாதியில் எழுந்துவிடக் கூடும்.

பார்ப்பதென்றால் இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. கைத்தொலைபேசித் திரையிலோ, சன்னல் வெளிச்சம் விழும் கூடத்திலோ பார்த்தால் முதல் காட்சி வெறும் கறுப்பாகத்தான் தெரியும். ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னணி இசை இல்லாத படத்தில் பூச்சியும் காற்றும் மழையும்தான் இசை. முக்கியமாக, காலை உணவுக் காட்சியில் ஊசலின் ஓசை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எஸ்தர் கண்விழித்த பிறகு, அந்த வீட்டில் யாரோ ஒருவர் கடிகாரத்தைக் கவனித்து மறுபடி ஓட வைப்பார். அதன் பிறகு கேமரா வயலுக்குத் திரும்பும். சூரியன் இறங்கும். தொடங்கியபோது இருந்த அதே இருட்டும் அதே விண்மீன்களும் வரும். அப்போது ரிமோட்டைத் தேடாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்கலாம்.